பத்தியில் சேராத ஒரு வரி

1

அப்பா இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டையில் நினைவு ஆராதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் செல்வின் அண்ணன் சொன்னான். நானும் என் மகள் ஜெமியும் போவதாகத்தான் பேச்சு. அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்காது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, டிக்கெட் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், ஜெமி சமையலறை வாசலில் வந்து நின்று தான் வரவில்லை என்றாள்.

வரவில்லை என்றது கூடப் பரவாயில்லை. சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட்டது. அப்புறம் காரணங்கள். பரீட்சை நெருங்குகிறது. லீவு வேண்டுமென்றால் பள்ளிக்கு எழுதிக் கேட்க வேண்டும், அவர்கள் ஆயிரம் விளக்கம் கேட்பார்கள். அங்கே போனாலும் அவளால் யாரோடும் சரளமாகத் தமிழ் பேச முடியாது. கடைசியில், ஆகையால் நீ மட்டும் போய்விட்டு வருவதுதான் நல்லது என்று ஒரு முடிவுரை. நடுவில் ஒரு 'வந்தும்மா', ஒரு 'என்னன்னா' கிடையாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினேழு வயசுப் பிள்ளை, தாத்தாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வரமாட்டேன் என்பதைப் பரீட்சைக் கட்டுரை மாதிரி ஒப்பிக்கிறதே என்று பாத்திரங்களை டங்கு டங்கென்று வைத்தேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், 'வெளிநாட்டுல வளந்த பிள்ள, வேற எப்படி இருக்கும்' என்பீர்கள். நானும் அதையேதான் நினைத்தேன். ஆனாலும் அவள் வர வேண்டும். அவள் வராமல் அப்பாவின் படத்துக்கு முன்னால் நான் மட்டும் போய் நின்றால், எங்கள் குடும்பம் என்னோடு முடிந்தது என்று ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பேச்சுக்கு அவள் பழகியது எப்படி, நான் பழகியது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சரித்திர டீச்சர். எம்.ஏ., பி.எட். இங்கே இங்கிலாந்தின் வடக்குக் கோடிக்கு வந்தபோது அந்தச் சான்றிதழ்களைப் பல அலுவலகங்களுக்கு அனுப்பினேன். அனுப்பிய ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. கல்லூரி பெயர் மாறியிருக்கிறதே, ஏன்? உங்கள் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பா பெயரா, குடும்பப் பெயரா? பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, ஒரு ஆரம்பப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிவிடுவது, மூக்குத் துடைத்துவிடுவது, பென்சில் சீவிக் கொடுப்பது. வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால் சும்மா இருக்குமா? மறுபடி டீச்சர் ஆக வேண்டும் என்று பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கேதான் கட்டுரை என்னைப் படுத்தி எடுத்தது. எங்களுக்கு எழுத்துப் பயிற்சி தருகிறவர் ஹெலன் என்ற பெண்மணி. நல்ல மனுஷி, ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். பெண்பிள்ளைகளின் படிப்புக்குக் குடும்பம் எப்படித் துணை நிற்கிறது என்று முதல் கட்டுரை. நான் எங்கள் தெருவிலிருந்து தொடங்கினேன். காலையில் அடிக்கும் கோயில் மணி, சீருடை போட்டு வரிசையாகப் போகும் பிள்ளைகள், ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பள்ளிக்கு வரும் குறுக்குத்துறைப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார் என்று எல்லாம் எழுதி, பத்தியின் கடைசி வரியில், அம்மா படித்திருந்தால் மகள் பள்ளியை விட்டு நிற்க மாட்டாள் என்று முடித்தேன். எனக்கே கண் கலங்கியது.

ஹெலன் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உன் கருத்து அருமையானது, ஆனால் அதைத் தேடிக் கடைசி வரிவரை நடந்தேன். பிறகு அது தெரிந்ததும் முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருந்தது. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடு. அடுத்து அதற்கு ஆதாரம் கொடு. அந்த ஆதாரம் உன் கருத்தை எப்படி நிரூபிக்கிறது என்று விளக்கு. பிறகு அடுத்த பத்திக்கு வழிவிடு.

கேட்கும்போது தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து புகைந்தேன். வந்ததும் வராததுமாகச் சங்கதியைப் போட்டு உடைப்பதற்குப் பெயர் எழுத்தா? படிக்கிறவரைக் கொஞ்சம் உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, பைய ஆரம்பிக்க வேண்டாமா?

3

எங்கள் வீட்டில் அப்படித்தான். வீடு என்றால் பாளையங்கோட்டை வீடு. அப்பா ஒரு மிஷன் பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எந்நேரமும் யாராவது வந்துகொண்டிருப்பார்கள். வந்தவர் மழையைப் பற்றிப் பேசுவார். பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு, டவுண் பஸ்ஸில் கூட்டம் எப்படி, திசையன்விளைச் சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை எல்லாம் பேசுவார். காப்பி குடிப்பார். எழுந்து, செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான், 'அப்புறம் அண்ணாச்சி' என்று ஆரம்பிப்பார். அதுதான் வந்த விஷயம். மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டியிருக்கும், பையனுக்குச் சிபாரிசு வேண்டியிருக்கும், சில நேரம் ஒரு சாவுச் செய்தியாகவும் இருக்கும்.

அதனால் அப்பா யாரையும் கூடத்திலிருந்தே அனுப்பியதில்லை. எத்தனை முடியாமல் இருந்தாலும் கேட் வரை கூடப் போவார்கள். ஒருமுறை தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் கடல் காற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அப்பா கேட்டுக்குப் போய் வெகுநேரம் கழித்துத் திரும்பினார்கள். அந்த மனுஷரின் பெண்சாதி அவரைவிட்டுப் போய்விட்டாளாம். அத்தனை நேரம் அவர் அதை வாயில் வைத்துக்கொண்டேதான் கடல் காற்றைப் பேசியிருக்கிறார்.

எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் இப்படித்தான். செல்வின் அண்ணன் இதில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவான்.

4

ஹெலன் சொன்னதை எனக்கு மண்டையில் ஏற்றியது ஜெமிதான். அவள் இங்கே நாலு வயதிலிருந்து படிக்கிறாள். கருத்து, ஆதாரம், விளக்கம் என்பது அவளுக்கு ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது மாதிரி. சாப்பாட்டு மேஜையில் என் கட்டுரையை விரித்துவைத்து, பென்சிலும் கையுமாக உட்காருவாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் தொட்டு, இது முதல் வாக்கியத்துக்கு என்ன வேலை செய்கிறது என்று கேட்பாள். நான் விழித்தால் ஒரு கோடு. போச்சு.

ஆற்றில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளை அவள் அடித்தபோது நான் விட்டுக்கொடுக்கவில்லை. தாமிரபரணித் தண்ணியில் முங்கி எழுந்த பிள்ளைகளடி, அவர்களைப் போய் அடிக்கிறாயே என்று மல்லுக்கு நின்றேன். அழகா இருக்கும்மா, ஆனா வேலை செய்யல என்றாள். அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பத்தி நிமிர்ந்து நின்றது. வயிற்றெரிச்சலாக இருந்தாலும் உண்மை உண்மைதானே.

நாலைந்து கட்டுரைக்குள் நானும் தேறிவிட்டேன். மதிப்பெண் ஏறியது. ஹெலன் என் பத்தி ஒன்றை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பெருமை தாங்கவில்லை எனக்கு. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும் கூர்மை ஜெமிக்கு இருக்கிறது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். ஊருக்கு போன் பண்ணும்போது அப்பாவிடமும் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, அங்கே குளிர் எப்படி, பிள்ளை ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள்.

5

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மத்தியானத்துக்குள் பெரிய கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். இதில் தேறினால்தான் அடுத்த வகுப்பு. நான் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன், போனை அணைத்து வைத்திருந்தேன். நான் எடுக்கவில்லை என்றதும் அண்ணன் ஜெமியைக் கூப்பிட்டிருக்கிறான்.

நான் வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்.

"மாமா போன் பண்ணாங்க. தாத்தாவுக்கு சளி. எஸ்ஸே முடிச்சிட்டுப் பேசினாப் போதுமாம்."

வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். வேறு ஒன்றும் முக்கியமாக இல்லை என்றாள். கச்சிதமாக இருந்தது. அப்பாடா என்று கட்டுரையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுத்தேன். வந்து படுத்தவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். சனிக்கிழமை காலையில் தோசை வார்த்துக்கொண்டே அண்ணனைக் கூப்பிட்டேன். ஜெமி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் எடுத்ததும், மழை எப்படி என்று கேட்கவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

"ஏளா, அப்பா நேத்து சாயங்காலத்துல இருந்து பேசலளா. கண்ணும் தொறக்கல. நீ வியாழக்கிழமையே கூப்புடுவன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். அப்பாவே ஐயரக் கூப்புடச் சொல்லி நற்கருணை வாங்கிக்கிட்டாவன்னு பிள்ளைட்ட சொன்னேனே. பிள்ள சொல்லலையா?"

ஊர்க்காரர்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வோம். கோயிலுக்கு வர முடியாமல் நாள்பட்டுக் கிடப்பவர்களுக்கு ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணையாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை தானே நடந்து கோயிலுக்குப் போன ஒருவர், தன் வாயால் ஐயரைக் கூப்பிடச் சொல்லி நற்கருணை வாங்கினார் என்றால், அவர் புறப்பட ஆயத்தமாகிவிட்டார் என்று அர்த்தம். பாளையங்கோட்டையில் இதைக் கேட்ட யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தகவல் போய்விட்டதா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பிற்பாடு அண்ணன் சொல்லித்தான் முழுதும் தெரிந்தது. அவன் ஜெமியிடம் குளிரைக் கேட்டிருக்கிறான், படிப்பைக் கேட்டிருக்கிறான். இங்கன நல்ல மழை, தாத்தாவுக்குக் கொஞ்சம் சளி என்றிருக்கிறான். அம்மா கட்டுரையை முடிக்கட்டும், தொந்தரவு பண்ணாதே என்றிருக்கிறான். எல்லாம் பேசி, போனை வைக்கப் போகிற நேரத்தில், தாத்தாவே ஐயரை வரச்சொல்லி நற்கருணை வாங்கிக்கிட்டாவன்னு அம்மாட்ட சொல்லு மக்கா என்றிருக்கிறான். பிள்ளை தலையில் கல்லைப் போட வேண்டாம், பயந்துவிடும் என்று அவன் அந்த ஒரு வரியில் அடக்கியிருக்கிறான். என் காதில் அது விழுந்தால் போதும் என்று அவனுக்குத் தெரியும். விழுந்திருந்தால் போதும்தான்.

ஜெமிக்குச் சளிதான் முதலில் வந்தது. அதுதான் கருத்து. ஐயர் வந்ததற்கும் சளிக்கும் அவளுக்கு ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. அந்த வரி எந்த வேலையும் செய்யவில்லை என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். நடுவழியில், விமானம் மாறுகிற இடத்தில், செய்தி வந்தது. என் அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்ல நினைவோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அண்ணி சொன்னார்கள். போன் மணி அடிக்கும்போதெல்லாம், 'அவளா?' என்று கேட்டார்களாம்.

அடக்கம் முடிந்த அன்றைக்கு அண்ணனும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இது பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் என்ன செய்வாள், சொல்லத் தெரியாமல் சொன்னவன் நான்தான் என்று அழுதான். வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டுத்தான் நான் இங்கே திரும்பி வந்தேன்.

6

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பாத்திரம் உருட்டியும் கோபம் தீராமல், ஜெமியின் அறைக்குப் போய் என் ஆற்றாமையைக் கொட்டினேன். தாத்தா உனக்கு என்ன குறை வைத்தார்கள்? செத்த செய்தியைப் போனில் சொன்னபோதும் நீ அழவில்லை. நான் திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒரு வருஷத்தில் தாத்தா என்ற சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. இங்கத்துப் பிள்ளைகளுக்கு மனசு என்ன கல்லா? இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்.

"தாத்தாகிட்ட நீ கடைசியாப் பேச முடியாமப் போனது என்னாலம்மா."

அவள் நிறுத்தவில்லை. மாமா சொன்ன கடைசி வரியைத் தான் சொல்லாமல் விட்டது, சனிக்கிழமை காலையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று நான் 'நற்கருணையா? எப்போ?' என்று போனில் கத்தியது, அன்றைக்கே அவள் அந்தச் சொல்லைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கருத்து, ஆதாரம், விளக்கம். ஒரு வரி கூடுதல் இல்லை, ஒரு வரி குறைவு இல்லை. அங்கே வந்தால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள், ஒருத்தரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதைத் தன்னால் தாங்க முடியாது என்று முடித்தாள்.

பாவி, ஒரு வருஷமா? எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டு, என் கட்டுரையைத் திருத்திக்கொண்டு, இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாளா? நானோ பிள்ளை நம் கையைவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொன்னேன். நீ காரணமே இல்லை என்று தொடங்கினேன். வியாழக்கிழமை தெரிந்திருந்தாலும் டிக்கெட் கிடைத்திருக்காது, கிடைத்தாலும் லீவு கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுத்திருந்தாலும் அந்த மழையில் சென்னையிலிருந்து வண்டி ஓடியிருக்காது, ஆகையால் எப்படியும் என்னால் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று அடுக்கினேன். என் வாழ்நாளில் நான் கட்டிய பத்திகளிலேயே சீரானது அதுதான். அத்தனையும் புளுகு.

ஜெமி கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வர முடியாட்டா என்னம்மா? போன்ல பேசியிருக்கலாம்ல?"

பிள்ளை ஒரு வருஷமாகத் தனியாகத் தூக்கிச் சுமந்ததைப் பொய் என்று சொல்லி அவளிடமிருந்து வாங்க முடியாது என்று மட்டும் புரிந்தது.

"ஆமாட்டி. பேசியிருப்பேன்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். எங்கள் பெண்கள் சாவு வீட்டில் அழுவது போல, மூச்சு விடாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் அப்பா ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கையைக் காட்டவும், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அழுது ஓய்ந்த பிறகு, தானும் வருவதாகச் சொன்னாள். மாமாவிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணியிருந்தால் தாத்தா என்ன சொல்லியிருப்பார்கள்?

அது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே குளிர் எப்படி என்று கேட்டிருப்பார்கள். நீ படிக்கிறாயா என்று கேட்டிருப்பார்கள். பிள்ளை சாப்பிட்டாளா, சரி, வைக்கட்டுமா என்றிருப்பார்கள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். அந்த அவ்வளவுக்காகத்தான் ஒரு வருஷமாக அழுதுகொண்டிருக்கிறேன்.